அட்டைப்படத் தலைவர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஃப்ளாட்ஸ் வாசலில் ஒரு புதிய தலைவர் உதயமானார்.

பெரிய தலைப்பாகை. காதைத் தொடும் மீசை. இடுப்பில் அகலமான பட்டுக் கச்சை. தலைக்குப் பின்னால் சூரியக் கதிர்கள். பக்கத்தில் ‘வரலாறே வருக! வருக!’ என்று மஞ்சள் எழுத்து. ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு ஃப்ளெக்ஸ். பால் வாங்கக் கீழே இறங்கிய நான் பாக்கெட்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

யார் இவர்? எந்தக் கட்சி? எந்தச் சங்கம்?

முகப்பேரிலிருந்து ஆவடி வரை சுவரில் சிரிக்கிற தலைவர்கள், முறைக்கிற தலைவர்கள், கும்பிடு போடுகிற தலைவர்கள் எல்லோரும் எனக்கு அத்துப்படி. டவுன் பஸ் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வளர்த்துக்கொண்ட பொது அறிவு! இந்த முகம் அந்த வரிசையில் இல்லை. ஆனால் எங்கேயோ பார்த்த முகம்... பால் பாக்கெட்டிலிருந்து சொட்டிய ஜில் தண்ணீர் கால் விரலில் பட்டதும் பொறி தட்டியது. அடப்பாவிகளா, இவர் நம்ம மாரிச்செல்வியின் அட்டைப்பட ஆள் ஆச்சே!

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

மாரிச்செல்வி எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கணவர் கார்த்திக்குக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. மாரிச்செல்விக்கு வயது என் மகள் வயதுதான். ஆனால் புத்தகம் எழுதிவிட்டார். அதனால் இந்தப் பத்தியில் அவர் ‘அவர்’தான்.

ஆமாம், புத்தகம். கோலப் புத்தகமோ கவிதையோ இல்லை... கம்ப்யூட்டர் புத்தகம்! அதுவும் இங்கிலீஷில், வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு. நான் விடியற்காலையில் வாக்கிங் கிளம்பும்போது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். குழந்தை எழுவதற்கு முன், குக்கர் வைப்பதற்கு முன், ஆபீஸ் வண்டி வருவதற்கு முன் என்று கிள்ளிக் கிள்ளிச் சேர்த்த நேரத்தில் எழுதிய புத்தகம் அது. பத்திரிகைக்கு வாரம் ஒரு பத்தி எழுதுவதற்கே வீட்டில் எல்லோரையும் ‘சத்தம் போடாதீங்க’ என்று மிரட்டுகிற ஆள் நான். அந்த ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கும்.

புத்தகம் கைக்கு வந்த அன்றே ஒரு பிரதியோடு எங்கள் வீட்டு பெல்லை அடித்தார். நானும் எழுதுகிறவன் என்பதால் முதல் பிரதி எனக்குத்தானாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, தேர்ந்த வாசகன் தோரணையில் என் முதல் கேள்வியைக் கேட்டேன்.

“யாரும்மா இந்தத் தலைப்பாகைக்காரர்?”

அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது.

“நீங்களுமா சார்?”

என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. மனைவிகளுக்கு இதெல்லாம் எப்படித்தான் உடனே புரிகிறதோ... என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, மாரிச்செல்வியை உட்காரவைத்துக் கையில் காபியைக் கொடுத்தார். அவ்வளவுதான், அந்தப் பெண் கொட்டித் தீர்த்துவிட்டார்.

புத்தகத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் இதையேதான் கேட்டார்களாம். ஆபீஸில் கையில் வாங்கியவர்கள் எல்லோரும் ‘யார் இது, சுல்தானா?’ என்று கேட்டு, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதாவது, சுல்தானோடு செல்ஃபி. ஊரிலிருந்து பெரியப்பா வீடியோ காலில் வந்திருக்கிறார். அட்டையைக் காட்டியதும், “மாப்ளைக்கு இந்த மீச எடுப்பா இருக்கே” என்றாராம். அதோடு விடவில்லை. போனைக் கார்த்திக்கிடம் கொடுக்கச் சொல்லி, புத்தகம் எழுதியதற்கு அவருக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். ‘நான் இல்ல மாமா, அவதான் எழுதினா’ என்று கார்த்திக் சொல்லச் சொல்ல, ‘என்ன அடக்கம் பாருங்க மாப்ளைக்கு’ என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் மெச்சினாராம்.

“ஒருத்தராவது, இத எழுதுனது யாருன்னு கேக்காங்களா சார்? எம் பேரும் அந்த அட்டையிலதான இருக்கு?”

இருந்தது. தலைப்பாகைக்காரரின் செருப்புக்குக் கீழே, சின்ன எழுத்தில்.

சரி, இந்த மனிதர் அங்கே எப்படி வந்தார்? இந்த மாதிரிப் புத்தகம் போடுகிற சில பதிப்பகங்களுக்கு விசித்திரமான வழக்கம் ஒன்று உண்டாம். அட்டையில் கம்ப்யூட்டர் படமே போட மாட்டார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு படக்காரர், எந்தெந்த நாட்டில் யார் யார் என்ன உடை உடுத்துகிறார்கள் என்று வரைந்து, கையால் வர்ணம் தீட்டி, தொகுதி தொகுதியாகப் போட்டிருக்கிறாராம். மீன்காரி, வேட்டைக்காரர், ரொட்டி சுடுகிறவர், ராணியின் தோழி... அதிலிருந்து ஓர் ஆளை உருவி எடுத்து, புது கம்ப்யூட்டர் புத்தகத்தின் மேல் நிற்கவைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கிற சங்கதிக்கும் வெளியே நிற்கிற ஆளுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது! ஆனால் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் புத்தகத்தின் பெயரைச் சொல்வதே இல்லையாம். ‘அந்தக் கூடைக்காரம்மா புக்கை எடு’, ‘வேட்டைக்காரர் புக்கில் பார்’ என்றுதான் பேசிக்கொள்வார்களாம்.

மாரிச்செல்விக்கு மூன்று படம் அனுப்பித் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, தலையில் சுள்ளிக்கட்டோடு மலைநாட்டுப் பெண். இவர் துள்ளிக் குதித்து அதைக் கேட்டிருக்கிறார். ஐயோ, அந்த அம்மா இப்போதுதான் வேறு புத்தகத்துக்குப் போய்விட்டார் என்று பதில் வந்ததாம். இரண்டாவது ஒரு மீனவர். பார்த்தாலே கொட்டாவி வருகிற முகம். மிச்சம் இருந்தவர் இவர்தான். படத்துக்கான குறிப்பு உள்ளே பொடி எழுத்தில் இருந்தது. சுல்தானின் அரண்மனையில் சர்பத் கலக்குபவர்!

“சர்பத்தா?” என்றேன்.

“சர்பத்துதான் சார். கையப் பாருங்க, கூஜா இருக்கு” என்று சொல்லி, அவ்வளவு வருத்தத்திலும் அவரே சிரித்துவிட்டார்.

எதற்காக இந்தப் படங்களைப் போடுகிறார்கள் என்றும் ஒரு பக்கத்தில் விளக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒருவரின் உடையைப் பார்த்தே அவர் ஊரையும் தொழிலையும் சொல்லிவிடலாமாம். இப்போது உலகம் முழுக்க எல்லோரும் ஒரே மாதிரி உடுத்துகிறோமாம். அந்தப் பழைய வண்ணங்களை மறக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடாம்.

எனக்கு வந்ததே கோபம். ஒரே மாதிரியா? யார் சொன்னது?

அந்தப் படக்காரர் மட்டும் இப்போது உயிரோடு இருந்தால், அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைப்பேன். முகத்தைச் சுற்றித் துப்பட்டா, அதற்கு மேல் கூலிங் கிளாஸ், முழங்கை வரை கிளவுஸ், கண்கூடத் தெரியாத ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து நிற்பார். அதை வரையட்டும்! அடியில் ‘அம்பத்தூர் வீராங்கனை, வெயில் காலம்’ என்று எழுதட்டும். முதுகில் மூட்டை மாதிரி பை, கழுத்தில் ஐடி கார்டு, ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகும்போதும் அதைக் கழற்ற மறந்த இளைஞன் வருவான். அவன் ஊரைச் சொல்லவே வேண்டாம். முகப்பேர், ஃப்ளாட், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்புறம் நம் தேசிய உடை ஒன்று இருக்கிறதே... நைட்டி, அதன் மேல் மரியாதைக்கு ஒரு துண்டு! அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூல் பஸ்ஸில் குழந்தையை ஏற்றலாம், காய்கறி வண்டியை நிறுத்தலாம், அசோசியேஷன் மீட்டிங்கில் செயலாளரைக் கேள்வி கேட்கலாம். எந்த நாட்டு ராணிக்கு இப்படி ஓர் உடை இருந்தது?

இதை நான் சொல்லச் சொல்ல மாரிச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தார். (நைட்டியில் இருந்த என் மனைவி சிரிக்கவில்லை.) மாரிச்செல்வி கிளம்பும்போது வாய் சும்மா இல்லாமல் சொன்னேன்... புத்தகத்துக்கு ஒரு வெளியீட்டு விழா வைத்துவிடுவோம், நம்ம கார் பார்க்கிங்கிலேயே. எழுதியது யார் என்று ஊருக்கே தெரியட்டும்.

அங்கேதான் தணிகாசலம் உள்ளே வந்தார்.

தணிகாசலம் எங்கள் அசோசியேஷன் செயலாளர். அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். எதைச் சொன்னாலும் ‘ஆவன செய்கிறேன்’ என்பார், செய்தும் விடுவார். அதுதான் பிரச்சினையே. நாற்காலி, மைக், பச்சைத் துணி விரித்த மேஜை எல்லாம் ஏற்பாடு செய்தார். ஃப்ளெக்ஸ் இல்லாமல் விழாவா? பூந்தமல்லியில் அவருக்குத் தெரிந்த இம்ரான் என்ற தம்பி ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். கெட்டிக்காரத் தம்பி. அவருக்கு வாட்ஸ்அப்பில் புத்தக அட்டையின் படம், மாரிச்செல்வியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ‘நூல் வெளியீட்டு விழா’ என்று நாலு வரி எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். வாசகங்களில் மாரிச்செல்வியின் பெயரும் இருந்தது.

அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை. நான் பால் பாக்கெட்டோடு நின்ற இடத்துக்கு வந்துவிட்டோம்.

தலைவர் நடுவில் விஸ்வரூபம் எடுத்து நிற்கிறார். புத்தகத் தலைப்பைக் காணோம். கூஜாவைக் காணோம். மாரிச்செல்வி? கீழே, இடது மூலையில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய பழைய பாஸ்போர்ட் போட்டோவில் இருந்தார். அதன் அடியில் ‘அன்புடன் அழைக்கும் மாரிச்செல்வி’. அதற்குப் பக்கத்தில் தணிகாசலம் பெயரும் பதவியும் பளிச்சென்று இருந்தன.

நான் போட்ட சத்தத்தில் தணிகாசலம் பல் தேய்க்கிற பிரஷோடு ஓடி வந்தார். அடிப்பதற்கு முன் இம்ரான் அனுப்பிய மாதிரியைப் பார்த்துச் சரி சொன்னீர்களா இல்லையா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். என்ன பார்த்தீர்கள் என்று பிடித்தேன். செல்போனில் தன் பெயர் இருந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லை என்று ஓகே சொல்லியிருக்கிறார் மனிதர்!

கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த இம்ரான் பக்கம் திரும்பினேன். அந்தத் தம்பி கொஞ்சமும் அசரவில்லை.

“இன்னா சார் தப்பு? ரெண்டு போட்டோ வந்துச்சு. ஒண்ணு, தலப்பா கட்டிகினு மீச வெச்சிகினு பழைய காலத்துப் பெயின்டிங்கு. இன்னொண்ணு பாஸ்போர்ட் சைஸு. எது தலைவரு, எது அழைக்கிறவங்கன்னு எனக்குத் தெரியாதா சார்? நான் அடிக்காத ஃப்ளெக்ஸா?”

கூஜா எங்கே என்று கேட்டேன்.

“தலைவர் கையில கூஜா நல்லாவா சார் இருக்கும்? அதான் கட் பண்ட்டேன்.”

இந்த வாதத்தில் எங்கே ஓட்டை? இன்று வரை எனக்குத் தெரியவில்லை. கூஜா தூக்கித் தலைவர் ஆனவர்கள் பலரை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் யாருடைய ஃப்ளெக்ஸிலாவது கூஜா இருக்கிறதா?

அதற்குள் மாரிச்செல்வி கீழே வந்துவிட்டார். மெரூன் கலர் பட்டுப் புடவை, தலையில் பூ, கையைப் பிடித்தபடி மகள். விழாவுக்கென்று ஆசை ஆசையாகக் கிளம்பி வந்த பெண் அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றார். மகள்தான் பேசினாள்.

“அம்மா, நீ ஏன் மூலைல இருக்க?”

மாரிச்செல்வியின் கண் கலங்கிவிட்டது. நானும் தணிகாசலமும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். ஃப்ளெக்ஸைக் கழற்றிவிடலாம் என்றேன். “விடுங்க சார், பழகிருச்சு” என்றார் அவர். அந்த ‘பழகிருச்சு’தான் எனக்குத் தாங்கவில்லை.

ஃப்ளெக்ஸ் எங்கள் காம்பவுண்டுக்கு உள்ளேதான் இருந்தது. ஆனாலும் தெருவுக்கு நன்றாகத் தெரிந்தது. வேலையை ஆரம்பித்துவிட்டது. ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, இன்றைக்கு ஐயாவுக்குப் பிறந்த நாளா, நினைவு நாளா என்று விசாரித்தார். கீரை விற்கிற அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், தலைவர் ‘எந்த ஆளுங்க’ என்று காதோடு கேட்டார். சர்பத் ஆளுங்க என்று சொல்லவா முடியும்? எனக்குத் தெரியாது என்று கையை விரித்துவிட்டேன். தணிகாசலத்துக்கு வியர்க்க ஆரம்பித்தது.

விழா நேரம் வந்தது. நாற்காலி நிறைய இருந்தது, ஆட்கள்தான் இல்லை. இருந்தவர்களிலும் பாதிப் பேர் அசோசியேஷன் கமிட்டி. கம்ப்யூட்டர் புத்தகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில், கறிக்கடைக்குப் போகாமல் யார் வருவார்கள்? மைக்கைத் தட்டிப் பார்த்த தணிகாசலம் ‘ஹலோ’ என்ற அந்த நிமிஷம், வாசலில் வரிசையாக பைக்குகள் வந்து நின்றன.

கன்னியப்பன்!

எங்கள் ஏரியாவில் கட்சிப் பொறுப்பில் இருப்பவர். கல்யாணமோ காதுகுத்தோ, கன்னியப்பன் தலை தெரியாமல் இந்தப் பக்கம் ஒன்றும் நடக்காது. தெரு முனையில் வருஷா வருஷம் கோடைக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவரும் அவரே. பின்னால் இரண்டு பேர் ஒரு மாலையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். நேராகப் போய் ஃப்ளெக்ஸில் இருந்த தலைவருக்கு அதைச் சாத்தினார்கள். கன்னியப்பன் கும்பிட்டார். எல்லோரும் கும்பிட்டார்கள். பிறகு பரிவாரத்தோடு உள்ளே வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். நாற்காலி போதாமல் பாதிப் பேர் பைக் மேல் சாய்ந்து நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்துத் தெருவில் போனவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

“நம்ம ஏரியாவுல தலைவருக்கு விழா எடுக்கிறீங்கோ. எனக்கு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா” என்று தணிகாசலத்திடம் உரிமையோடு கோபித்துக்கொண்டார். “செரி, தலைவரோட வரலாற ரெண்டு வார்த்த பேசுங்கோ. பசங்க கேக்கட்டும்.”

தணிகாசலம் மைக்கை என் கையில் திணித்துவிட்டார். பாவி மனிதர்! தலைவரின் வரலாறா? உண்மையைச் சொன்னால், மாலை போட்ட கை நம் மேல் பாயுமோ? நானே ஒரு வரலாறு தயாரித்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

மாரிச்செல்வி எழுந்து வந்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

“அண்ணாச்சி, இவரு தலைவர் இல்ல. எம் புக்கு அட்டையில இருக்க படம் இது. அந்தக் காலத்துல அரண்மனையில சர்பத் கலக்குனவரு.”

கன்னியப்பன் வாசல் பக்கம் திரும்பி, மாலையோடு நின்ற தலைவரை ஒரு தடவை பார்த்தார். மாரிச்செல்வியைப் பார்த்தார்.

“இன்னா கலக்குனவரு?”

“சர்பத்து.”

கன்னியப்பனின் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறதோ என்று பயந்துபோனேன். மனிதர் சிரிக்கிறார்! “நானும் முக்குல அத்தத்தாம்மா கலக்கிகினு கீறேன், நன்னாரி சர்பத்து. நம்மாளுக்குத்தான் மால போட்டுக்கீறேன் போல” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்ததும் அவர் ஆட்கள் சிரித்தார்கள். தணிகாசலம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் கன்னியப்பன் மேஜை மேல் இருந்த புத்தகத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்...

“அது கெடக்கட்டும். இந்தப் பொஸ்தகத்த எழுதுனது யாரு?”

கேட்டுவிட்டார்! கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒருவரும் கேட்காத கேள்வி. பெரியப்பா கேட்காத கேள்வி. வாரா வாரம் எழுதிக் கிழிக்கிற நானும் கேட்காத கேள்வி. என் மனைவி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“நான்தான் அண்ணாச்சி” என்றார் மாரிச்செல்வி. அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊர் முழுக்க விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

கன்னியப்பன் விடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் பயந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதியதை இவருக்கு எப்படிச் சொல்வது? மாரிச்செல்வி ஒரு நிமிஷம்தான் யோசித்தார்.

“உச்சி வெயில்ல ஒரு பஸ் வந்து நின்னா, உங்க பந்தல்ல கூட்டம் மொத்தமா வந்து விழும்லா? கலக்குறவரு கைக்கு அவ்ளோ வேகம் வராதுல்ல. அப்ப என்ன செய்வீங்க அண்ணாச்சி?”

“ட்ரம்முல முன்னாடியே கலக்கி வெச்சிப்போம். டம்ளர வரிசையா அடுக்கிடுவோம்.”

“கம்ப்யூட்டர்லயும் அதேதான். எல்லாரும் ஒரே நேரத்துல டிக்கெட் போடுவாங்க, பணம் அனுப்புவாங்க. நடுவுல ஒரு ட்ரம் வைக்கணும். ஒருத்தருக்கும் விட்டுப் போகக் கூடாது. ஒருத்தருக்கே ரெண்டு தடவையும் போகக் கூடாது. அத எப்படிச் செய்யணும்னுதான் எழுதியிருக்கேன்.”

“நம்ம பசங்க ரெண்டு வாட்டி வந்து வாங்குவானுங்கமா. சட்டய மாத்திகினு வருவானுங்க.”

“அதுக்குத் தனியா ஒரு அத்தியாயமே இருக்கு அண்ணாச்சி.”

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! சொல்லிவிட்டு மாரிச்செல்வியே ஒரு கணம் அசந்து நின்றதைப் பார்த்தேன். வேண்டாத விருந்தாளியாக வந்து அட்டையில் நின்ற சர்பத்காரர், உள்ளே இருக்கிற சங்கதிக்கு இவ்வளவு பொருத்தமா? அரண்மனைப் பந்தியில் அவருக்கும் இதே கஷ்டம்தானே இருந்திருக்கும்! மூன்று படத்தில் அந்த மலைநாட்டுப் பெண்தான் கிடைத்திருந்தால், மாரிச்செல்வி என்ன விளக்கம் சொல்லியிருப்பார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கன்னியப்பன் கண் காட்டியதும் ஆட்கள் ஓடிப்போய் ஃப்ளெக்ஸிலிருந்து மாலையைக் கழற்றி வந்தார்கள். அவர் அதைத் தானே போடவில்லை. அதுதான் நம் ஊர் நாகரிகம். ‘ஊட்டுப் பொம்பளைங்க யாருனா வாங்கம்மா’ என்று கூப்பிட்டார். என் மனைவி போய் மாரிச்செல்விக்கு மாலையைப் போட்டார். ஃப்ளெக்ஸ் அளவுக்குக் கட்டின மாலை... முழங்கால் வரை தொங்கியது. மகள் உள்ளே புகுந்து மாலைக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தாள். கார்த்திக் வீடியோ காலில் பெரியப்பாவைப் பிடித்துவிட்டார். மாலையையும் கூட்டத்தையும் மைக்கையும் பார்த்த பெரியப்பா, செல்வி எழுதுவாள் என்று தனக்கு அப்போதே தெரியும் என்றாராம். போகட்டும், பெரியப்பாக்களைத் திருத்த முடியாது.

அப்புறம் தெருமுனைப் பந்தலிலிருந்து சர்பத் ட்ரம் எங்கள் கார் பார்க்கிங்குக்கே வந்துவிட்டது. நன்னாரி, எலுமிச்சை, ஐஸ். இம்ரான் வரிசையில் நின்று குடித்தார். தணிகாசலம் இரண்டாவது தடவை வந்தபோது, ‘அந்த அத்தியாயத்தப் படிங்க சார்’ என்று மாரிச்செல்வி அவரைத் திருப்பி அனுப்பினார். கன்னியப்பன் ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பந்தலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இப்போது அதுவும் இருக்கிறது. போகிற வருகிறவர்கள் படத்தில் இருப்பது யார் என்று கேட்டால், ‘அத்த வுடு, எழுதுனது யாருன்னு கேளு’ என்று அவரே ஆரம்பித்துவிடுகிறாராம்.

புதன்கிழமை இம்ரான் யாரும் கேட்காமலே ஒரு புது ஃப்ளெக்ஸோடு வந்தார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கட்டினார். இந்த முறை நடுவில் மாரிச்செல்வி. மெரூன் புடவை, முழங்கால் வரை மாலை, பின்னால் சூரியக் கதிர்கள். ‘எழுதியவர்: மாரிச்செல்வி’ என்று தெரு முனையிலிருந்து படிக்கலாம், அவ்வளவு பெரிய எழுத்து. ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்ற மகள், “எங்கம்மா” என்று பஸ் டிரைவருக்கே காட்டினாள்.

எல்லாம் சரிதான். ஆனால் உச்சியில், வலது ஓரத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள்ளே அதே தலைப்பாகை, அதே மீசை. கூடவே கையில் கூஜாவும்! இவர் இங்கே எதற்குத் தம்பி, அதுதான் எல்லாம் தெரிந்துவிட்டதே என்று கேட்டேன்.

ஏணியில் இருந்தபடியே, ஒன்றும் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார் இம்ரான்.

“இன்னா சார் நீங்க... மேல தலைவர் இல்லாம எப்டி சார் ஃப்ளெக்ஸ் அடிக்கிறது?”